புங்கங்கன்று நின்ற கோடு

கம்பெனி வாசலில் இன்று புங்கம்பூ கொட்டிக் கிடந்தது. காலை ஷிப்டுக்கு பஸ்ஸை விட்டு இறங்கியதுமே செருப்பில் ஒட்டிக்கொண்டது. கூட வேலை செய்யும் திருநெல்வேலிப் பெண், "யக்கா, பொரியக் கொட்டுன மாதிரி கெடக்குல்லா" என்றாள். ஆமாம் என்றேன். பெட்டிகளுக்கு ஸ்டிக்கர் ஒட்டும் வேலை எனக்கு. மதியம்வரை கை அதன்பாட்டுக்கு ஓடியது, மனசு உங்களோடு ஆற்றங்கரையில் இருந்தது.

கல்யாணமான புதிதில் நாகரசம்பட்டி மாந்தோப்பிலிருந்து வந்தவள் நான். ஆறு எனக்குப் புதுசு. நீங்கள்தான் கரைக்குக் கூட்டிப்போய், வரிசையாக முளைத்திருந்த புங்கங்கன்றுகளைக் காட்டினீர்கள். புங்கங்காய் வெள்ளத்தில் மிதந்து வரும், தண்ணீர் வடியும்போது எங்கே ஒதுங்குகிறதோ அங்கேயே முளைக்கும், அதனால் கன்று நிற்கிற கோடுதான் வெள்ளத்தின் கோடு என்றீர்கள். உங்கள் ஊரில் எல்லாரும் அந்தக் கோட்டைப் பார்த்து, அதற்கு மேலேதான் தண்ணீர் இறைக்கும் மோட்டார் வைப்பார்கள். "ஆறே வந்து அளந்து குடுத்துட்டுப் போவுது. இதுக்கு எந்த ஆபீசர் வேணும்?" என்று பெருமை அடித்துக்கொண்டீர்கள். "பொண்டாட்டிய விட ஆத்தத்தான் நம்புவீங்க போல" என்றேன். சிரித்தீர்கள், மறுக்கவில்லை.

அப்புறம் மழை பொய்த்த வருஷங்கள் வந்தன. வந்த கொஞ்சம் தண்ணீரையும் மேலே இருக்கும் அணை பிடித்து வைத்துக்கொண்டது. ஆறு வாய்க்கால் அளவுக்குச் சுருங்கி, ஒரு ஓரமாக, வருஷம் முழுக்க ஒரே மட்டத்தில் ஓடியது. வெள்ளம் தொடாத கரைமேல் பழைய புங்கமரங்கள் உச்சியிலிருந்து காய ஆரம்பித்தன. முன்பு வெறும் மணலாகக் கிடந்த ஆற்று நடுவில் சம்பும் நாணலும் ஏறின. அவற்றுக்கு இடையில் புங்கங்கன்றுகள், பார்த்துக்கொண்டிருக்கும்போதே என் தோள் உயரம் வளர்ந்துவிட்டன.

கரைமேல் நம் தக்காளி வயலுக்குத் தண்ணீர் எட்டவில்லை. கோடு இறங்கிவிட்டது என்று நீங்கள் மோட்டாரையும் இறக்கினீர்கள். "ஏங்க, நடு ஆத்துல கொண்டாந்து வெக்கிறீங்களே" என்றேன். "கன்னு நிக்குது பாரு. அதுக்கு மேலதான வெச்சிருக்கேன்" என்றீர்கள். கன்று பொய் சொல்லவில்லைதான். அணை விட்ட தண்ணீர் எதுவரை வந்தது என்பதை அது சரியாகத்தான் காட்டியது. அணை பிடித்து வைத்திருந்த தண்ணீரைப் பற்றி அதற்கு என்ன தெரியும்? இது எனக்கும் பிற்பாடுதான் புரிந்தது.

அந்த ஐப்பசியில் கர்நாடகப் பக்கம் கொட்டோ கொட்டென்று கொட்டியது. அணையின் ஷட்டரைத் திறக்கப்போகிறார்கள் என்று ஊரில் தண்டோரா போட்டார்கள். நீங்கள் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு மோட்டாரைக் கழற்ற இறங்கினீர்கள். உங்கள் தம்பி கரையில் நின்று, "மோட்டாரு போனா போவுது, வாண்ணா!" என்று கத்தினானாம். "ரெண்டே நட்டுடா" என்றீர்களாம். தண்ணீர் வந்தபோது பக்கத்தில் நின்ற கன்றைப் பிடித்தீர்களாம். மணலில் வளர்ந்த கன்று, வேரோடு கையில் வந்துவிட்டது. விளைச்சல் இல்லாத வருஷத்தில் நான் வேலைக்குச் சேர்ந்த இதே கம்பெனியில் அப்போது ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டிருந்தேன். செல்போனை வாசலிலேயே வாங்கி வைத்துக்கொள்வார்கள். உங்களை ஆறு கொண்டுபோனது, ஷிப்டு முடிந்து வெளியே வந்துதான் எனக்குத் தெரியும்.

உங்கள்மேல் எனக்கு இன்னும் கோபம்தான். போயும் போயும் ஒரு மோட்டாருக்கா? ஓசூரில் இந்த ஒற்றை அறையில் ஒரே ஓர் ஆளுக்கு ரசம் வைத்துப் பாருங்கள், தெரியும். எவ்வளவு குறைத்து வைத்தாலும் மீந்துபோகிறது. வேலை நாளெல்லாம் எப்படியோ ஓடிவிடும். ஞாயிற்றுக்கிழமைதான் நகர மாட்டேன் என்கிறது. அன்றைக்கு டீக்கடைக்காரரோடு பேசினால்தான் உண்டு.

போன மாதம் உங்கள் தம்பி வந்து கூப்பிட்டான். நிலத்தில் மறுபடி பயிர் வைக்கிறான், மோட்டார் எங்கே வைக்கலாம் என்று என்னைக் கேட்டான். போனேன். காய்ந்து நிற்கும் பழைய புங்கமரங்களுக்கும் மேலே, கரை உச்சியில் நின்று காலால் கோடு கிழித்தேன்.

"அங்க ஒரு கன்னுகூட இல்லியே அண்ணி. எவ்ளோ பைப்பு வேணும் தெரியுமா?"

"வாங்கு" என்றேன்.

தலையைச் சொறிந்துகொண்டே, முகம் கழுவுவதற்காகக் கீழே தண்ணீர்ப் பக்கம் இறங்கினான். தண்ணீர் கணுக்கால் அளவுகூட இல்லை. சம்புக்கு நடுவே அவன் குனிந்தபோது பின்னாலிருந்து முதுகு அப்படியே உங்கள் முதுகாக இருந்தது. எனக்கு என்ன ஆனதென்று தெரியவில்லை. "ஏங்க, மேல வந்துடுங்க!" என்று கத்திவிட்டேன். அந்தப் பக்கத்து வயலில் இருந்தவர்கள்கூட நிமிர்ந்து பார்த்தார்கள். அன்றைக்குக் கரையில் நின்று கூப்பிட எனக்கு வாய்க்கவில்லை. கூப்பிடாத அந்தக் குரலை இத்தனை நாளும் தொண்டையிலேயே வைத்துக்கொண்டு திரிந்திருக்கிறேன்.

அவன் ஈர முகத்தோடு உடனே ஏறி வந்துவிட்டான். நான் கூப்பிட்டிருந்தால் நீங்களும் வந்திருப்பீர்கள் என்றுதான் நினைக்கிறேன்.