கமலாக்கா பார்த்து எழுதவில்லை

முண்டியம்பாக்கத்தில் ரயில் ஏறியதுமே ஒவ்வொரு பெட்டியாக என்னைத் தேடிக்கொண்டு வரும் என் கமலாக்காவுக்கு,

உனக்குக் கருமாதி முடிந்து பத்து நாளாகிறது. எனக்கு அலுப்பு தீரவில்லை. காலையில் மைதானத்தில் நின்று நாலு தரம் விசில் ஊதினால் மூச்சு வாங்குகிறது. நாற்பதுகூட ஆகவில்லை எனக்கு. நீ இருந்தால், "ஏண்டி, கெழவியாயிட்டியா?" என்று முதுகில் ஒன்று வைத்திருப்பாய்.

திண்டிவனத்தில் நாம் படித்த அதே பயிற்சிப் பள்ளியில்தான் இப்போதும் இருக்கிறேன். டிரில் டீச்சர் ஆவதற்குப் படிக்கப் போனவள், இப்போது டிரில் டீச்சர்களைத் தயார் செய்கிறேன். இந்த வருஷம் புதிதாக ஒரு பாடவேளையை என் தலையில் கட்டியிருக்கிறார்கள். முதல் வருஷப் பெண்களுக்கு எப்படிப் படிப்பது என்று சொல்லித்தர வேண்டும். எல்லாரும் ஊரில் ஓட்டத்திலும் தாண்டுவதிலும் முதலாக வந்தவர்கள். காலையெல்லாம் ஓடிவிட்டு, மத்தியானம் உடற்கூறு வகுப்பில் உட்கார்ந்தால் கண் சொக்கிப் போகிறது. உனக்குச் சொக்கியதே, அதே மாதிரி.

அவர்களுக்குத் தெரிந்த படிப்பெல்லாம் மனப்பாடம்தான். ஒருத்தி வாசிப்பாள், மற்றவர்கள் கவாத்து போல் சேர்ந்து சொல்வார்கள். நோட்டை மூடி வைத்துவிட்டு, புரிந்ததை உன் வார்த்தையில் எழுது என்றால் முழிக்கிறார்கள். "அப்படி எழுதினா மார்க்கு போடுவாங்களா டீச்சர்?" என்று கேட்கிறார்கள். எலும்பின் பெயரைப் படிக்கும்போது உன் கையில் அது எங்கே இருக்கிறதென்று தொட்டுப் பார் என்கிறேன். ஒருத்தி நோட்டை இன்னொருத்தி காப்பி எடுத்தால், அதை அப்படியே நம்பாமல் புத்தகத்தோடு ஒத்துப் பார் என்கிறேன். சொல்லிச் சொல்லி வாய் ஓய்ந்துவிட்டது, அக்கா. யாரும் எனக்கு இதையெல்லாம் சொல்லவில்லையே என்று நடுநடுவே கோபம் வேறு வருகிறது.

சொல்லியிருந்தால் நீ தப்பித்திருப்பாய் அல்லவா?

நம் முதல் மாதம் ஞாபகம் இருக்கிறதா? வகுப்புக்கு எதிரே நின்று டிரில் எடுக்கும் டீச்சர், "வலது கை மேலே" என்று சொல்லிவிட்டுத் தன் இடது கையைத் தூக்க வேண்டும். அப்போதுதான் பார்க்கிற பிள்ளைகளுக்குக் குழப்பம் வராது. அதைப் பழகுவதற்குள் நாம் பட்ட பாடு! நீ சாப்பிடும்போதுகூட இடது கையால் சோற்றைத் தொட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாய். எனக்கோ பழகிப்போய், அது மூளையிலேயே உட்கார்ந்துவிட்டது.

அந்த நேரத்தில்தான் கரும்பலகையில் இதயத்தின் படம் போட்டார்கள். என் வலக்கைப் பக்கம் இருந்த அறைக்கு ‘இடது’ என்று எழுதியிருந்தார்கள். உடம்பு நம்மைப் பார்த்து நிற்கிறது, அதனால் அதன் இடது நமக்கு வலப்பக்கம் வருகிறது. அவ்வளவுதான் விஷயம். எனக்கு அது உறைக்கவில்லை. டிரில்லில் செய்வது போல நமக்காகத் திருப்பிப் போட்டிருக்கிறார்கள் என்று நினைத்தேன். புத்திசாலி மாதிரி எல்லாவற்றையும் மறுபடி திருப்பி நோட்டில் எழுதினேன். நுரையீரலில் இருந்து சுத்த ரத்தம் வலது மேலறைக்கு வருகிறதென்று மூன்று பக்கம், மணி மணியாக. நீ பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்தாய்.

"நீ படிச்சிக்கினே வா, நான் கேட்டுக்கினே வர்றேன். எனக்குக் காதால கேட்டாத்தான் நிக்கும்" என்பாய். ரயிலில் தினமும் என் நோட்டுத்தான் உனக்குப் புத்தகம். வேகவைத்த மல்லாட்டையை உரித்து, கடலையை என் கையில் போட்டுக்கொண்டே கேட்பாய். விக்கிரவாண்டி தாண்டுவதற்குள் ஒரு பக்கம் உனக்கு வரி மாறாமல் வந்துவிடும்.

வரி மாறாமல் பரீட்சையிலும் எழுதினாய். அன்றைக்கு நீ எனக்குப் பின் பெஞ்சு. இரண்டு பேர் தாளிலும் ஒரே வார்த்தைகள், ஒரே தப்பு. பெரிய டீச்சரம்மா இரண்டு தாளையும் மேஜையில் விரித்து வைத்து, "யாரைப் பார்த்து யார் எழுதினது?" என்று கேட்டார்.

அந்த நோட்டு என் பையில் இருந்தது, அக்கா. எடுத்துக் காட்டியிருந்தால் போதும். இரண்டு பேரும் ஒரே நோட்டில் படித்தோம், தப்பு நான் எழுதியது என்று சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். எங்கள் தெருவில் இருந்து படிக்க வந்தவள் நான் ஒருத்திதான். பாஸ்டரய்யா எழுதிக் கொடுத்த கடிதத்தில் கிடைத்த இடம். அது போய்விடும் என்ற பயத்தில் பையை மார்போடு இறுக்கிக்கொண்டேன். அதை நீ ஓரக்கண்ணால் பார்த்தாய்.

"நான்தாங்க அவளப் பாத்து எழுதினேன்" என்றாய்.

உன்னை அன்றைக்கே பள்ளியை விட்டு அனுப்பிவிட்டார்கள். ரயிலில் நான் அழுதுகொண்டே வந்தேன். "அழுவாதடி. ரெண்டு பேரும் வூட்டுக்குப் போறதுக்கு ஒருத்தி போனாப் போதாதா? எனக்கு எப்படியும் மாப்பிள்ள பாத்துக்கினுதான் இருக்காங்க" என்றாய். அப்புறம் முண்டியம்பாக்கத்தில் இறங்கிப் போனாய். நான் விழுப்புரத்தில் இறங்கி வீட்டுக்குப் போய் நோட்டை அடுப்பில் போட்டேன். இதை நான் உன்னிடம் கடைசிவரை சொல்லவில்லை.

பதினேழு வருஷமாக அந்தக் கதையை வகுப்பில் சொல்கிறேன். "ஒரு பெண் டிரில் பழக்கத்தில் இதயத்தையே திருப்பிப் போட்டுவிட்டாள்" என்பேன். பிள்ளைகள் சிரிப்பார்கள். பாதிக் கதைதான் சொல்வேன். சிரிப்பு வருகிற பாதி.

கருமாதிக்கு வந்தேன். உன் வீட்டுக்காரர் எனக்கு நாற்காலி போட்டார். அவர் பேசியதை நீ கேட்டிருக்க வேண்டும். இல்லை, கேட்காததே நல்லது.

"காப்பி அடிச்சி மாட்டிக்கினவதாங்க. ஆனா எங்கிட்ட மறைக்கல பாருங்க டீச்சரம்மா. பொண்ணு பாக்க வந்த அன்னிக்கே சொல்லிட்டா. எங்கம்மாதான் சாவற வரைக்கும் அதயே குத்திக் காட்டிக்கினு இருந்துச்சி."

அவரிடம்கூட நீ உண்மையைச் சொல்லவில்லையா? எனக்காகவா? இந்த அளவுக்கு நான் யார் உனக்கு?

உன் மகள் தண்ணீர்ச் செம்பை என்னிடம் கொடுத்துவிட்டு உள்ளே போனாள். உன் தோள், உன் நடை. பத்தாவது படிக்கிறாளாம், பள்ளிக்கூடத்தில் ஓட்டத்தில் அவளை அடிக்க ஆளில்லையாம். அவர் சொன்னார்: "இதையும் உங்க பள்ளிக்கூடத்துக்கு அனுப்பணும்னு இதோட அம்மாவுக்கு ரொம்ப ஆசங்க. நான்தான் வேணாம்னுட்டேன். அம்மா பேரு கெட்ட எடத்துல போயி பொண்ணு எப்பிடி நிக்கும்?"

நான் என்ன செய்தேன் தெரியுமா? காப்பியைக் குடித்தேன். "ஆமாங்க" என்றேன். பஸ் ஏறிவிட்டேன். மறுபடியும் அதே ஊமைத்தனம். வெட்கமாக இருக்கிறது, அக்கா.

நேற்று வகுப்பில் அந்தப் பாதிக் கதையைச் சொன்னேன். எல்லாரும் சிரித்தார்கள். கடைசி பெஞ்சில் தூங்கி விழுகிற ஒரு பெண் மட்டும் எழுந்து, "அந்த நோட்ட வாங்கி வேற யாருனா படிச்சாங்களா டீச்சர்? அவங்க என்ன ஆனாங்க?" என்று கேட்டாள். மணி அடிக்க இன்னும் கால் மணி நேரம் இருந்தது. முழுக்கதையையும் சொன்னேன். உன் பெயரோடு, என் பெயரோடு. யாரும் சிரிக்கவில்லை. நேரே இப்போதைய பெரிய டீச்சரம்மாவிடம் போய் அங்கேயும் சொன்னேன். "இப்ப எதுக்கும்மா இதெல்லாம்?" என்றார் அவர். எதற்கென்று எனக்குத் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை காலை ரயிலில் உன் வீட்டுக்கு வருகிறேன். கையில் காட்ட ஒன்றுமில்லை, வாயால்தான் சொல்ல வேண்டும். உன் வீட்டுக்காரர் என்னைத் திட்டினால் வாங்கிக்கொள்கிறேன். வாசலை விட்டுப் போ என்றாலும், உன் மகள் காதில் விழுகிற மாதிரி சொல்லிவிட்டுத்தான் போவேன்: உங்கம்மா பார்த்து எழுதவில்லை, நான்தான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

நீ காப்பாற்றிவிட்ட தங்கச்சி,
எஸ்தர்