வேண்டாம் என்ற வட்டி

காயல்பட்டினம்,
1949 மார்ச் 3.

அருளாளன் அல்லாஹ்வின் பெயர் முன்னிற்க.

பம்பாயில் பாங்கிச் சட்டமும் பணச்சந்தையும் மேற்படிப்பாகப் படித்துக்கொண்டிருக்கும் என் பிரியமுள்ள மச்சான் அஹமது கபீர் அவர்களுக்கு, உங்கள் மனைவி பதுருன்னிஸா ஸலாம் சொல்லி எழுதிக்கொள்வது. இங்கே நானும் உம்மாவும் உடம்பளவில் சுகம். மனசைப் பற்றிக் கேட்காதீர்கள், அது உலை மாதிரிக் கொதிக்கிறது. உங்கள் சுகத்துக்கு ஐந்து வேளையும் துஆ கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

உறையில் வீரபாண்டியன்பட்டினத்துத் தபால் முத்திரையைப் பார்த்துத் திகைத்திருப்பீர்கள். கொழும்பிலிருந்து ஊருக்கு வந்திருக்கும் மூஸா காக்காவிடம் கொடுத்திருந்தால் இந்தக் கடிதம் தபாலாபீஸ் வாசலையே பார்த்திருக்காது. கூடப்பிறந்த அண்ணன் என்றாலும் இந்த விஷயத்தில் அவரை நம்ப மாட்டேன். அதனால் அந்த ஊர் மீன்காரி அல்போன்சாவிடம் கொடுத்து அனுப்புகிறேன். "ஏம்மா, கட்டுன மாப்பிள்ளைக்குக் கடுதாசி போடுததுக்கா இம்புட்டு ஒளிவுமறைவு" என்று சிரித்தாள். தாளில் சாளை வாடை அடித்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. "மாமா மனம் நோக நான் படிக்க வேண்டாம், ஏப்ரல் பரீட்சைக்கு உட்காராமல் புறப்பட்டு வந்துவிடுகிறேன், கொழும்புக் கடையில் மூஸாவோடு இருந்துகொள்கிறேன்" என்று என் வாப்பாவுக்குப் பயந்து எழுதியிருக்கிறீர்கள். எனக்கு வந்த கோபத்தில் அதை அடுப்பில் போட்டிருப்பேன். உங்கள் கையெழுத்து என்பதால் தலையணைக்கு அடியில் கிடக்கிறது. நீங்கள் லீவில் வந்த நாள் போக, இரண்டு வருஷம் உங்களைப் பிரிந்து நான் இங்கே இருந்தது கொழும்புக் கடையில் நீங்கள் துணி அளப்பதற்கு இல்லை.

அங்கே உங்களுக்கு எந்த அளவு செய்தி வந்தது என்று தெரியவில்லை, நடந்ததைச் சொல்கிறேன். இதுவரை வாப்பா நீங்கள் ஏதோ வியாபாரப் படிப்பு படிப்பதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தார்கள். போன மாதம் பம்பாயிலிருந்து வந்த தோல் வியாபாரி ஒருவர் பள்ளிவாசல் படியில் வைத்து, உங்க மருமவன் காலையிலிருந்து அந்தி வரை வட்டி விகிதம்தான் படிக்கிறார் என்று சொல்லியிருக்கிறார். அன்றைக்கே முடுக்கு முடுக்காகப் பெண்கள் வாயில் இந்தப் பேச்சு ஓடிவிட்டது. வாப்பா வீட்டுக்கு வந்து சோற்றில் கை வைக்கவில்லை. "வட்டிக்கடைக்குக் கணக்கெழுதப் போறவனுக்கா எம் மவளைக் கொடுத்தேன். அந்தப் படிப்பை முடிச்சிட்டு அவன் என் வூட்டுப் படி ஏற ஏலாது" என்று சத்தம் போட்டார்கள்.

வாப்பாவை நான் பழிக்கவில்லை. ஹராம் என்று பயப்படுகிற மனுஷர், அந்தப் பயம் நல்லதுதான். ஆனால் அந்தப் பயத்தை வைத்துக்கொண்டு அவர்கள் செய்த காரியம் உங்களுக்கே தெரியும். தூத்துக்குடிக் கடற்கரைச் சாலையில் அந்தப் பாங்கி திறந்தபோது நம் தெருவில் பாதிப் பேர் அங்கேதான் பணம் போட்டார்கள். கொழும்பில் சம்பாதித்ததை வீட்டில் வைத்தால் திருடன் பயம். பாங்கியில் வைத்தால் வட்டி வந்து சேருமே என்று ஒரு பயம். அதற்கு வாப்பா ஒரு வழி கண்டுபிடித்தார்கள். எனக்கு வட்டி வேண்டாம், முதல் மட்டும் பத்திரமாக இருந்தால் போதும் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்கள். அதைப் பார்த்து மற்றவர்களும் அப்படியே எழுதிக் கொடுத்தார்கள். பாங்கி மேனேஜர் ஒவ்வொரு பெருநாளைக்கும் வீடு தேடி வந்து வாப்பாவுக்கு ஸலாம் சொல்லிவிட்டுப் போனார். ஏன் வர மாட்டார்? இப்படி ஒரு வாடிக்கை எங்கே கிடைக்கும்?

போன வருஷம் நீங்கள் லீவில் வந்திருந்தபோது பாங்கிக் கதவைச் சாத்தினார்களே, அன்றைக்கு வாப்பா அதன் வாசலில் வெயிலில் நின்றுவிட்டு வந்த கோலம் இன்னும் என் கண்ணில் இருக்கிறது. டைரக்டர்கள் ஜனங்கள் பணத்தை எடுத்துத் தங்கள் உப்பளத்துக்கும் மில்லுக்கும் தாங்களே கடன் கொடுத்துக்கொண்டார்களாம். எனக்கு வீட்டுக்கு வந்து பாடம் சொல்லித் தந்த நாசரேத்து ஜீவமணி டீச்சரும் அங்கேதான் போட்டு வைத்திருந்தார். வட்டி வாங்கினவர்களுக்கும் போனது, வாங்காதவர்களுக்கும் போனது.

இதையெல்லாம் மனசில் வைத்துக்கொண்டுதான், போன மாதம் வாப்பா சத்தம் போட்ட அன்றைக்கு அவர்களிடம் வாய் திறந்தேன். பிறந்ததிலிருந்து அவர்களை எதிர்த்துப் பேசியதில்லை. "வாப்பா, நீங்க வேண்டாம்னு சொன்ன வட்டி எங்கே போச்சு" என்று கேட்டேன். பதிலையும் நானே சொன்னேன். நம்ம பணத்தை அவங்க வட்டிக்குத்தான் விட்டாங்க, அந்த வட்டியை அவங்க தின்னாங்க, முதலையும் தின்னாங்க. அமானத்தா, பத்திரமா வச்சுத் தாறேன்னு வாங்கின பணத்தை இப்படிச் செய்தியேன்னு கேட்க அன்னைக்கு ஒரு ஆள் இல்லை. எந்தப் பாங்கி கையில் எவ்வளவு வைத்திருக்க வேண்டும், டைரக்டர் தனக்குத்தானே கடன் எடுக்கலாமா, யார் போய்த் திறந்து பார்ப்பது என்பதைத்தான் உங்க மருமகன் படிக்கிறார் என்றேன். டில்லியில் அதற்கென்று புதுச் சட்டம் வருகிறது என்று நீங்கள் எழுதியிருந்ததையும் சொன்னேன்.

வாப்பாவுக்கு முகம் சிவந்துவிட்டது. வாதத்தை விட்டுவிட்டுப் பழைய இடத்துக்கே வந்தார்கள், என் வூட்டுப் படி ஏற ஏலாது என்று. அதற்கு நான், ஊர் வழக்கப்படி நிக்காஹ் அன்றைக்கே இந்த வீட்டை என் பேருக்கு எழுதித் தந்துவிட்டீர்கள், மாப்பிள்ளை வந்து இருக்க வேண்டியது என் வீட்டில், படி யார் ஏறுவது என்று நான்தான் சொல்ல வேண்டும் என்று சொல்லிவிட்டேன். வாப்பாவே அதே வழக்கப்படி அடுத்த கதவில் உம்மாவின் பேரில் உள்ள வீட்டில் இருக்கிறவர்கள்தானே. உம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அடுக்களைக்குள் ஓடினார்கள். சிரிப்பா அழுகையா என்று இன்றுவரை கேட்கவில்லை. ஆனால் மறுநாள் எனக்கு மட்டும் கறியாக்கி அனுப்பினார்கள்.

இவ்வளவும் சொன்னது என் வீரத்தைக் காட்ட இல்லை. உங்கள் பயம் தீரட்டும் என்றுதான். நீங்கள் உதவித்தொகையில் படிக்கிறீர்கள், வாப்பாவின் காசு ஒன்றும் அதில் இல்லை. உங்களைப் பிடித்து இழுக்க அவர்கள் கையில் இருக்கிற ஒரே கயிறு நான்தான். அந்தக் கயிறு இந்தப் பக்கம் இழுக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்.

இன்னொன்றும் கேட்க வேண்டும். இந்தப் படிப்பு பாவமோ என்று உங்கள் மனசிலேயே ஒரு உறுத்தல் இருந்தால் அதை நேராக எனக்கு எழுதுங்கள். இரண்டு பேரும் யோசிப்போம், மார்க்கம் படித்த ஆலிம்களிடமும் கேட்போம். வாப்பாவின் பேரைச் சொல்லி அதற்குப் பின்னால் ஒளிய வேண்டாம். எனக்குத் தெரிந்த மட்டில், ஊராருடைய அமானத்தைக் காவல் காக்கப் படிக்கிறவன் வெட்கப்பட வேண்டியதில்லை. வெயிலில் நின்ற அந்த ஜனங்களைப் பார்த்து நீங்கள்தான் அன்றைக்குப் பல்லைக் கடித்தீர்கள். மறந்துவிட்டதா?

மச்சான், இனி எழுதப் போவதுதான் முக்கியம். இதற்காகத்தான் மீன்கூடையில் கடிதம் வருகிறது. நேற்று மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு உம்மா வீட்டு நடையில் மூஸா காக்கா வாப்பாவிடம் பேசிக்கொண்டிருந்தது கதவுக்கு இந்தப் பக்கம் எனக்குக் கேட்டது. "சொன்னா கேக்க மாட்டான். பரீட்சை சமயத்துல பதுருக்கு உடம்பு மோசம், உடனே புறப்படுன்னு ஒரு தந்தி அடிப்போம். பேறுகாலம் நெருங்குத நேரம், வராம இருப்பானா" என்றார் காக்கா. வாப்பா வேண்டாம் என்று சொல்லவில்லை. போன தடவை நீங்கள் மதராஸில் படித்தபோது தந்தி கண்டு, மாற்றுச் சட்டைகூட எடுக்காமல் ஓடி வந்தீர்களே, அதை வைத்துக் கணக்குப் போடுகிறார்கள். அந்தத் தந்தி பொய் இல்லை. அப்போது நடந்ததை நான் இங்கே எழுதப் போவதில்லை. தங்காமல் போன அந்தப் பிள்ளை உங்கள் சாயல் என்று மட்டும் உம்மா அவ்வப்போது சொல்வார்கள்.

இந்தத் தடவையும் ஏப்ரலில்தான் என்று மருத்துவச்சி சொல்லுகிறாள். வயிறு இறங்கிவிட்டது, கால் கொஞ்சம் வீங்குகிறது, மற்றபடி ஒன்றும் இல்லை. நீங்கள் பம்பாயில் உட்கார்ந்து அதை நினைத்துக்கொண்டிருக்க வேண்டாம்.

தந்தி வரும். வந்தால் அது பொய் என்று மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு பரீட்சைக்குப் போங்கள். இரண்டாவது தந்தி வந்தாலும் அப்படியே. ஒருவேளை அது மெய்யாகவே இருந்துவிட்டாலும், அதையும் பொய் என்றே எண்ணிக்கொண்டு கடைசிப் பேப்பர் வரை எழுதிவிட்டு வாருங்கள். என்ன நேர்ந்தாலும் இதற்காக உங்கள்மேல் எனக்கு ஒரு மனத்தாங்கலும் இல்லை என்று ரப்பாகிய அல்லாஹ் சாட்சியாக இப்போதே எழுதித் தருகிறேன். வீட்டுக் கதவு உங்களுக்குத் திறந்திருக்கும். திறக்க நான் எழுந்து வர முடியாமல் போனாலும் திறந்தே வைக்க வேண்டும் என்று உம்மாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

உங்கள் கையும் பேனாவும் நடுங்காமல் இருக்க அல்லாஹ் துணை நிற்பானாக. ஆமீன்.

உங்கள் படிப்புக்குத் துணை நிற்கும்,
பதுருன்னிஸா