டிரெபிள் பத்தில்

மார்ச் 6, 1978

நூலகத்திலிருந்து வந்தபோது கெட்டில் விசிலடித்துக்கொண்டிருந்தது. அடுப்புக்குப் பக்கத்து மேசையிலேயே தம்பி வெண்டல் கிதாருக்குப் புதுக் கம்பி மாட்டிக்கொண்டிருந்தான். நிமிரவில்லை.

"டேய், தண்ணி வத்திடும்."

"ஒரு குரல் குடுத்திருக்கலாம்ல, நோரி?"

கெட்டில் கொடுத்துக்கொண்டுதானே இருந்தது.

மார்ச் 11

டிரம் வாசிக்கும் கஸ் வீட்டுக் கார் ஷெட்டில் எங்கள் இசைக்குழு ஒத்திகை. வெண்டல் ஆம்ப்ளிஃபயரில் கீச்சொலியைக் கூட்டும் டிரெபிளை எட்டுக்குத் திருகினான். கஸ் டிரம் குச்சிகளைப் போட்டுவிட்டுக் காதைப் பொத்திக்கொண்டான்.

"பல்லு கூசுதுடா. நீ கிதாரிஸ்டா, பல் டாக்டரா?"

"மந்தமா இருக்கு. உனக்குத்தான் காது அவுட்டு."

எல்லோரும் சிரித்தார்கள். நானும்.

ஏப்ரல் 4

எங்கள் ஊர் அக்ரனில் வேண்டாம், யாராவது பார்ப்பார்கள் என்று கிளீவ்லாந்தில் காது டாக்டரிடம் போனோம். வெண்டலுக்குத் தாழ்ந்த ஒலிகள் கேட்கின்றன. உச்ச ஒலிகள் எதுவுமில்லை. "போனது திரும்பாது. இனிமே மேடையை விட்டா, இருக்கறதாவது மிஞ்சும்" என்றார்.

காரில் ஒன்றுதான் பேசினான். "கஸ்ஸுக்குத் தெரிய வேண்டாம்."

ஏப்ரல் 9

காதைப் பற்றி நூலகத்தில் இருந்த எல்லாப் புத்தகங்களையும் படித்துவிட்டேன். தம்பியை எப்படித் தடுப்பது என்று ஒன்றிலும் இல்லை.

ஜூன் 20

இசைத்தட்டு வெளிவந்துவிட்டது. கடைகளில், கார்களில், பக்கத்து வீட்டு ஜன்னலில் எல்லாம் அவன்தான். பத்திரிகையில், 'கண்ணாடியை அறுக்கும் கிதார். இப்படி வாசிக்கத் துணிந்தவர் வேறில்லை.' துணிச்சலா? மேனேஜர் டோரிஸ் பூரித்துப்போய்ச் சொன்னாள்: "கண்ணு, அந்தச் சத்தம்தான் நீ. அதுல மட்டும் கை வைக்காதே."

அவன் என்னைப் பார்க்கவில்லை. டிரெபிள் இப்போது பத்தில்.

ஆகஸ்ட் 26

அரங்கம் முழுக்க அவன் பெயர். நான் மேடை ஓரத்தில், காதில் பஞ்சோடு. மெல்லிய கம்பியின் சுருதி சரியா என்று அவனுக்கே தெரிவதில்லை. பாட்டுக்குப் பாட்டு என் பக்கம் திரும்புவான். விரலை மேலே காட்டினால் ஏற்றுவான், கீழே காட்டினால் இறக்குவான். இன்று கையைக் கட்டிக்கொண்டு நிற்பதென்றுதான் போனேன். திரும்பிப் பார்த்தான். அந்த முகம் — அஞ்சு வயசுல சைக்கிள் பழகுறப்ப பின்னால புடிச்சிருக்கேனான்னு பாப்பானே, அதே முகம். நான் என்ன பண்ணட்டும்?

விரலைக் காட்டினேன்.

அக்டோபர் 3

டிவியில் அவன் கச்சேரி. "சவுண்டைக் கூட்டு" என்றான். அதற்கு மேல் திருகு போகாது.

பிப்ரவரி 12, 1980

காலால் மிதிக்கும் சின்னப் பெட்டி ஒன்று. மிதித்தால் யார் கிதாரும் வெண்டல் கிதார் ஆகிவிடுமாம். மேலே அவன் பெயரைப் பொறிக்கச் சம்மதம் கேட்டுக் கம்பெனிக்காரர்கள் வந்திருந்தார்கள். அவர்களில் ஒருவர் பெட்டியை மிதித்து வாசித்துக் காட்டினார். வெண்டல் அவர் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தான். முடிந்ததும் என் பக்கம் திரும்பினான்.

"என்னை மாதிரியே இருக்கா?"

"இருக்கு" என்றேன். உதடு மட்டும்தான் அசைந்தது.

அது போதுமாயிருந்தது அவனுக்கு. பேனா கேட்டான்.