பதில் சலாம்

ஊர்காவற்றுறை
19.09.2023

அன்புள்ள சவாஹிராவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

போனில் நீர் கதைப்பது இந்தச் செவிட்டுக் காதில் ஏறுதில்லை. மகளும் கத்திக் கத்திக் களைத்துப்போனாள். அதுதான் எழுதுகிறேன். நபி பிறந்த றபியுல் அவ்வல் மாதம் வந்துவிட்டது. பள்ளிவாசலைக் கூட்டிக் கழுவி, அவர் புகழ் சொல்லும் மௌலூது ஓதத் தொடங்கினேன். நானே ஓதி நானே கேட்கிறேன்.

தொண்ணூறில் முஸ்லிம்கள் என்று ஆயுதம் தூக்கிய இயக்கம் எங்களைத் துரத்திய இந்த மண்ணுக்கு நான் திரும்பி வந்து ஒரு வருடமாகப் போகிறது. நீர் புத்தளத்திலேயே முகத்தைத் திருப்பிக்கொண்டு இருக்கிறீர். அகதி முகாமில் வருடா வருடம் நான் சொன்ன கதை மறந்துபோச்சா? தன்னைத் துரத்திய மக்கத்துக்கு நபி பெருமானார் திரும்பி வந்தபோது தலையைக் குனிந்துகொண்டுதான் ஊருக்குள் வந்தார். சனம் நடுங்கிக்கொண்டு நின்றது. "போங்கள், உங்களுக்கு விடுதலை" என்றார். அந்த வழியில்தான் நானும் வந்தேன். நீரும் வாரும். ஒரு அறையும் குசினியும் வாடகைக்கு எடுத்திருக்கிறேன். கிழவனுக்கும் கிழவிக்கும் அது காணும்.

அசனார்


புத்தளம்
03.10.2023

பிள்ளைகளின் வாப்பாவுக்கு,

சலாம் சொல்வது சுன்னத்து, நபி காட்டின நல்ல வழி; பதில் சொல்வது கடமை, சொல்லாவிட்டால் பாவம். கடமைக்குச் சொல்கிறேன்: வ அலைக்குமுஸ்ஸலாம்.

நல்லாயிருக்குது உங்கட கதை! நான் மருமகளாக வந்து இறங்கின வீட்டில் இப்போது அன்ரனிதாஸ் குடும்பம் இருக்குது. விற்றவர் வேறு யாருமில்லை, உங்கட சொந்த அண்ணன், மூத்த காக்கா. வாடகை அறையில் இருந்து எங்கட கிணற்றை எட்டிப் பார்க்கவா என்னைக் கூப்பிடுகிறீர்கள்?

மன்னிக்க வந்தேன் என்கிறீர்கள். சரி, யாரை மன்னித்தீர்கள்? அவர் என்ன சொன்னார்? அதை எழுதுங்கோ, பிறகு பார்ப்போம்.

மருந்தை நேரத்துக்குப் போடுங்கோ. மகள் இரண்டு பெனியன் அனுப்பியிருக்கிறாள்.

சவாஹிரா


ஊர்காவற்றுறை
20.10.2023

அன்புள்ள சவாஹிராவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

உமது கடிதம் கண்ட அன்றே போனேன். அன்ரனிதாஸ் நல்ல மனுசன். கதிரை போட்டு, தேத்தண்ணி தந்தார். எங்கட வேம்பு இன்னும் நிற்கிறது. நான் மனதைத் திடப்படுத்திக்கொண்டு, "தம்பி, எனக்கு உங்களிலை ஒரு கோபமும் இல்லை, மன்னிச்சிட்டன்" என்றேன்.

மனுசன் திகைத்துப்போனார். "காக்கா, நான் என்ன பிழை செய்தனான்? உங்கட அண்ணரிட்டை முறையா எழுதித்தானே வாங்கினனான்?"

"அப்ப, எங்களைத் துரத்தினவை?" என்று கேட்டேன்.

"அவையள் ஒருத்தரும் இப்ப இல்லை, காக்கா. செத்துப்போச்சினம்."

மக்கத்தில் நபியவர்களுக்கு முன்னால் சனம் நின்றது. எனக்கு முன்னால் தேத்தண்ணிக் கோப்பைதான் இருந்தது. பின்னேரம் மிஞ்சிய மீனைக் கூவி விற்கிறவன் மாதிரி மன்னிப்பைத் தூக்கிக்கொண்டு திரிகிறேன், வாங்க ஆளில்லை. வெட்கமாக இருக்கிறது, சவாஹிரா.

ஆனால் இதை விட்டுவிட்டு வரவும் ஏலாது. நான் வெளிக்கிட்டால் இந்தப் பள்ளியில் தொழுகைக்கு அழைத்துப் பாங்கு சொல்ல ஒருவருமில்லை. தனியே இருக்கப் பயமாகவும் இருக்கிறது. இனி மக்கத்துக் கதை சொல்லமாட்டேன். எனக்காக வாரும்.

அசனார்


புத்தளம்
12.11.2023

பிள்ளைகளின் வாப்பாவுக்கு,

வ அலைக்குமுஸ்ஸலாம். இந்த முறை கடமைக்கு மட்டும் சொல்லவில்லை. வாசித்துவிட்டு அழுதேன்.

நீங்கள் எப்போதும் கதையை மக்கத்தோடு நிறுத்திவிடுவீர்கள். மிச்சம் எனக்குத் தெரியும், என்ர வாப்பா சொல்லித் தந்தவர். மன்னித்துவிட்டு நபி பெருமானார் அங்கே தங்கவில்லை. "என் வாழ்வும் உங்களோடு, என் மௌத்தும் உங்களோடு" என்று மதீனத்துச் சனத்திடம் சொல்லி, அவர்களோடுதான் திரும்பிப் போனார். அவரை அடக்கிய கபுறும் அங்கேதான். முகாமில் இதைப்பற்றி நான் வாயே திறக்கவில்லை. ஊருக்குப் போவோம் என்ற நம்பிக்கையில்தானே அந்தச் சனம் சோறு தின்றது.

புத்தளம் மதீனா இல்லை. முப்பத்துமூன்று வருடமாகியும் எங்களை அகதியள் என்றுதான் சொல்கிறார்கள். ஆனால் முகாமின் முதல் மழையில் காய்ச்சலோடு போன எங்கட சின்னவனை இந்த மண்ணில்தான் வைத்தோம். நான் அவனுக்குப் பக்கத்தில்தான் கிடப்பேன்.

மன்னிக்க உங்களுக்கு ஏலும். எனக்கு ஏலாது. நபி வழி என்று தெரிந்தும் ஏலாமல் இருக்குது. அல்லாஹ்வுக்கு என்ன பதில் சொல்லப்போகிறேனோ, தெரியாது.

நீங்கள் பாங்கைச் சொல்லுங்கோ. நான் வரமாட்டேன். வாங்கோ என்று உங்களையும் கூப்பிடமாட்டேன். ஒன்று மட்டும் கேட்கிறேன்: இனி எனக்குச் சலாம் எழுதாதேங்கோ. வந்தால் பதில் சொல்லாமல் இருக்க எனக்கு ஏலாது.

சவாஹிரா