தேவா ஓடவிட்டுப் போன கணக்கு

வெள்ளிக்கிழமை, காம்பார்

என்னோடு ஆய்வகப் பயிற்சிக்கு வந்த தேவா, எனக்கு முன்பே பயிற்சி முடிந்து சொந்த ஊரான பாரிட் புந்தாருக்குப் போய்ப் பத்து நாளாகிறது. அவன் கணினியில் ஓடவிட்டுப் போன ரப்பர் மூலக்கூறுக் கணக்கு மட்டும் இங்கே ஓடிக்கொண்டிருந்தது. தினமும் காலையில் திரையில் அவன் பெயரைத்தான் முதலில் தேடுவேன். இன்று பெயர் இல்லை. கணக்கு முடிந்துவிட்டது.

“முடிவ அவனுக்கு மெயில்ல அனுப்பிரு லா. கணினில இடம் காலியா இருக்கு, உன் கணக்கப் போடு,” என்றார் ஆய்வகத்து மாலா அக்கா.

என்னுடையதைப் போட்டேன். அவனுக்குக் கைப்பேசியில், ‘கோப்பு ரொம்பப் பெருசு, மெயில்ல போகாது, நேர்ல வந்து எடுத்துக்க’ என்று எழுதினேன்.

நீலக் குறி விழுந்தது, படித்துவிட்டான். பதில் இன்னும் வரவில்லை.

அந்த முடிவு இரண்டு பக்கம்கூடத் தேறாது. கணக்கை எழுதியவனுக்கு அது தெரியாமலா இருக்கும்.