எடுத்துக் கொடுக்காத சபை

அன்புள்ள அண்ணை,

இன்று காலை பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் கைத்தொலைபேசி திருத்தும் கடையொன்றுக்குப் போயிருந்தேன். கண்ணாடிக்குப் பின்னால் ஒரு பிள்ளை குனிந்திருந்து ஈயம் பற்றவைத்துக்கொண்டிருந்தாள். அந்தப் புகை மூக்கில் ஏறியதுதான் தாமதம், வந்த அலுவலே மறந்து போயிற்று. "ஐயா, போனில என்ன பிழை?" என்று அவள் இரண்டாம் தரம் கேட்ட பிறகுதான் பதில் சொன்னேன். வீட்டுக்கு வந்ததும் உங்களுக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன். நீங்கள் வாசிக்கப் போவதில்லை என்று தெரியும். அதற்காக எழுதாமல் இருக்க முடியவில்லை.

துறைமுகப் பக்கத்து ஒழுங்கையில் உங்கள் வீட்டு முன்னறைதான் உங்கள் கடை. ரேடியோ திருத்துவீர்கள், கோயிலுக்கும் கலியாண வீட்டுக்கும் ஸ்பீக்கர் செட் வாடகைக்கு விடுவீர்கள். சண்டை மூண்ட பிறகு கலியாணங்கள் பகலிலேயே, சத்தமில்லாமல் முடிந்தன. ஒலிபெருக்கி போட ஒவ்வொரு முறையும் அனுமதி எடுக்க வேண்டும். அலைந்து அலைந்து உங்களுக்கு அலுத்துவிட்டது. ஸ்பீக்கர்களைச் சாக்கில் கட்டிப் பரணில் ஏற்றி வைத்தீர்கள். ஒரு மைக்கை மட்டும் மேசையில் நிறுத்தி, "இது சும்மா நிக்குது. போயாவுக்குப் போயா ஆக்கள் வந்து கவிதை சொல்லட்டும்" என்றீர்களாம்.

போயா, பௌர்ணமி விடுமுறை நாள். மத்தியானம் சாப்பிட்ட கையோடு ஆட்கள் வரத் தொடங்குவார்கள். மூதூரிலிருந்து லோஞ்சுப் படகில் வருபவர்கள் கடைசி லோஞ்சுக்கு முன் திரும்பவேண்டும் என்பதால், கவிதைகள் தாமாகவே சின்னதாயின. நீட்டி முழக்கும் ஆட்களை அந்த லோஞ்சு திருத்தியதுபோல எந்த விமர்சகரும் திருத்தியிருக்கமாட்டார். 

உண்மையில் அந்த மைக்குக்கு இணைப்பே கிடையாது. வயரின் மறுமுனை அலுமாரிக் காலில் சுற்றியிருக்கும். ஆனாலும் எல்லோரும் அதைப் பிடித்துக்கொண்டுதான் சொல்வார்கள். ஆஸ்பத்திரியில் வேலை செய்த அக்கா ஒருவர், ஐந்து பேருக்கு முன்னால் வாய் திறக்க மாட்டாதவர், அதைப் பிடித்ததும் நிமிர்ந்து நிற்பார். எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. நானும் ஒரு நாள் பிடித்துப் பார்த்த பிறகு சிரிக்கவில்லை.

வெளியூர்களில் எத்தனையோ கவியரங்குகளைப் பிறகு பார்த்துவிட்டேன். உங்கள் சபையில் இருந்த சட்டம் வேறெங்கும் இல்லை. சொல்பவர் தடுமாறினால், மறந்தால், அழுதால், ஒருவரும் எடுத்துக் கொடுக்கக் கூடாது. "வரும். இருங்கோ" என்பீர்கள், அவ்வளவுதான். எடுத்துக் கொடுத்தவர் கடைசியில் எல்லோருடைய தேத்தண்ணிக் கோப்பையையும் கழுவவேண்டும். கிண்ணியாவிலிருந்து வரும் கருவாட்டு வியாபாரி நாநாவுக்கு இருப்புக் கொள்ளாது. முதல் நாலைந்து போயாவும் குசினியில் நின்று அவர்தான் கழுவினார். "கவிதை சொல்ல வந்த என்னைய இந்த மனுசன் கோப்ப கழுவ வெச்சிட்டாரே" என்று அண்ணியிடம் முறையிடுவார்.

அந்தச் சட்டம் எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்டதில்லை. உங்களுக்குத் திக்குவாய். விலை கேட்டு வருகிறவர்கூட நீங்கள் சொல்ல முன்னம் தானே ஒரு விலையைச் சொல்லி, தானே குறைத்து, தானே சம்மதித்துவிடுவார். பிறர் உங்கள் வாயிலிருந்து சொல்லைப் பிடுங்கிக்கொள்வது நாள் முழுக்க நடந்தது. அந்த ஆற்றாமையை மற்றவர்கள் மேல் காட்டாமல், மாதத்தில் ஒரு மத்தியானமாவது ஒருவருக்கும் அது நடக்காத இடமொன்றை நீங்கள் செய்தீர்கள். எனக்கு உங்கள்மேல் இருந்த மதிப்பு அதில் தொடங்கியது.

நான் அப்போது இலங்கைத்துறையிலிருந்து இடம்பெயர்ந்து வந்து, ஐஸ் கம்பனியில் கட்டி சுமந்துகொண்டிருந்தேன். வெருகல் ஆற்றைக் கடந்தபோது அடையாள அட்டை பையோடு தண்ணீரில் போய்விட்டது. புதியதுக்கு எழுதிக் கொடுத்துவிட்டுக் காத்திருந்தேன். அந்த வயதில், அந்த ஊர்ப் பெயரோடு, அட்டை இல்லாமல் பிடிபட்டவர்கள் எங்கே கொண்டுபோகப்பட்டார்கள் என்று சொல்ல ஆளில்லை. சோதனைச் சாவடி இல்லாத ஒழுங்கைகளாகப் பார்த்து உங்கள் வீட்டுக்கு வருவேன். உங்களுக்கும் அண்ணிக்கும் மட்டும் அது தெரியும். "நான் இனி வரேல்லை அண்ணை. உங்களுக்கும் கரைச்சல்" என்று ஒருமுறை சொன்னேன். நீங்கள் ரேடியோவிலிருந்து கண்ணை எடுக்காமல், "கு... குசினிக் கதவுக்குப் பக்கத்தில இரும்" என்றீர்கள்.

அங்கேதான் இருந்தேன் அன்றைக்கும். ஆஸ்பத்திரி அக்கா சொல்லிக்கொண்டிருந்தார். முன்வாசலில் சப்பாத்துச் சத்தம் கேட்டது. ஒரு அதிகாரியும் சில சிப்பாய்களும் உள்ளே வந்தார்கள். அதிகாரிக்குக் கொஞ்சம் தமிழ் தெரிந்திருந்தது. மைக்கைப் பார்த்ததும் முகம் மாறியது.

"யாரு இங்க பெரிய ஆள்? பர்மிட் எங்க?"

நீங்கள் எழும்பினீர்கள். "நா..." என்று தொடங்கினீர்கள். அது வரவில்லை. மறுபடியும் "நா... நா..." உங்கள் கழுத்து நரம்பு புடைத்தது. கண்கள் மூடிக்கொண்டன. அதிகாரியும் சிப்பாய்களும் உங்கள் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். அந்த நேரம் என் தோளில் ஒரு கை பட்டது. அண்ணி. நான் இருந்தபடியே பின்னால் நகர்ந்தேன். குசினி, கிணற்றடி, வேலியில் ஆள் நுழையும் ஒரு பொட்டு, அடுத்த வளவு. அங்கே விறகுக் கொட்டிலுக்குள் குந்தியிருந்தபோதும் உங்கள் குரல் அதே எழுத்தில் முட்டிக்கொண்டு நிற்பது கேட்டது. என் பயத்தைவிட உங்களுக்காகப் பட்ட பயம் பெரிது.

மிச்சத்தை நாநாதான் பிறகு சொன்னார். அதிகாரி பொறுமை இழந்து நாநாவைப் பார்த்து, "நீ சொல்லு" என்றாராம். மாதா மாதம் கோப்பை கழுவிய அந்த மனிதர், வாய் துடித்தும், "அவரு சொல்லுவாரு சேர். கொஞ்சம் பொறுங்க" என்றாராம். அறை முழுக்க ஆட்கள், எல்லோருக்கும் பதில் தெரியும், ஒருவரும் வாய் திறக்கவில்லை. நீங்கள் பழக்கிய பழக்கம் அது. வேறு எந்தச் சபையிலும் பயத்தில் பத்துப் பேர் ஒரேயடியாகப் பேசியிருப்பார்கள். சிப்பாய்கள் ஒவ்வொருவராய்க் கிளறி, அட்டைகளைப் பார்த்து, குசினிக் கதவடிக்கு வந்திருப்பார்கள்.

கடைசியில் உங்களுக்கு வந்தது. "நான்தான். என்ர வீடு. நான்தான் எல்லாரையும் கூப்பிட்டனான். கேக்கிறதெண்டா என்னைக் கேளுங்கோ." பிறகு உங்கள் பெயரையும் சொன்னீர்களாம். 

பிறகு ஒரு சிப்பாய் மைக் வயரைப் பிடித்துக்கொண்டே போய், அலுமாரிக் காலடியில் அதன் நுனியைக் கண்டுபிடித்துத் தூக்கிக் காட்டினானாம். அதிகாரி அந்த நுனியைப் பார்த்தார், மைக்கைப் பார்த்தார், உங்களைப் பார்த்தார். "இது எங்கயும் போகேல்லையா?" என்று கேட்க, "இல்லை" என்றீர்களாம். அந்த ஒரு சொல்லில் நீங்கள் திக்கவில்லை என்று நாநா சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். அதன் பிறகு எல்லோருடைய அட்டையையும் பார்த்தார்கள். எல்லோரிடமும் இருந்தது. உங்களை மட்டும் விசாரணைக்கு ஏற்றிக்கொண்டு போனார்கள்.

அடுத்த நாள் பின்னேரம் வந்து இறங்கினீர்கள். சட்டை கசங்கியிருந்தது. நான் வந்து உங்கள் முன் நின்று அழுதேன். "தேத்தண்ணி குடிச்சிட்டு அழும்" என்றீர்கள். அடுத்த போயாவுக்கு மைக் மேசையில் நின்றது. பாதிப் பேர்தான் வந்தார்கள். முழுச் சபைக்கும் நடத்துவதுபோல நடத்தினீர்கள். இதற்கு எவ்வளவு துணிவு வேண்டுமென்று அப்போது எனக்கு விளங்கவில்லை. பிள்ளைகள் இருவரை வளர்த்த பிறகு விளங்குகிறது.

புது அட்டை கைக்கு வந்த நாள் உங்களிடம் கேட்டேன், ஞாபகம் இருக்கிறதா? "அண்ணை, அண்டைக்கு நீங்கள் வேணுமெண்டுதானே இழுத்தனீங்கள்?" நீங்கள் ஈயத்தை ஊதிவிட்டு, "எனக்கு நா... 'நான்' எண்ட சொல் வரேல்லை. அவ்வளவுதான்" என்றீர்கள். அண்ணியிடம் கேட்டேன். அவர் சேலைத் தலைப்பால் வாயை மூடிச் சிரித்துக்கொண்டு, "என்னோட சண்டை பிடிக்கேக்க மட்டும் இந்த மனுசன் ஒருநாளும் திக்கினதில்லை" என்றார். எது உண்மை என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. இரண்டில் எது என்றாலும் உங்கள்மேல் உள்ள மதிப்பு ஒரு பிடியும் குறையப் போவதில்லை.

போன மாதம் உங்களுக்கு அஞ்சலிக் கூட்டம் வைத்தார்கள். பெரிய மண்டபம், நல்ல சவுண்ட். அறிவிப்பாளர் ஒரு வளவளப்பான ஆள். "பேச்சில் இருந்த குறையையும் மீறி இலக்கியப் பணி ஆற்றினார்" என்றார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. என் முறை வந்து மேடைக்குப் போனால், முதல் சொல் வரவில்லை. இரண்டு மூச்சு எடுப்பதற்குள் அந்த ஆள், "துயரத்தால் பேச முடியாமல் நிற்கிறார்" என்று என் கையிலிருந்து மைக்கை வாங்கிக்கொண்டு அடுத்த பெயரைக் கூப்பிட்டார். அவருக்குச் சட்டம் தெரியாது, பாவம்.

கொஞ்சம் பொறுத்திருந்தால் எனக்கும் வந்திருக்கும். நான் சொல்ல நின்றது இவ்வளவுதான், அண்ணை. குறை என்று அவர் சொன்னது உங்கள் பேச்சில் ஒரு சின்ன இடைவெளி. அதற்குள்ளால்தான் நான் வேலியைக் கடந்தேன். என் கலியாணமும் பிள்ளைகளும், இந்த நரைத்த தலையும், எல்லாமே நீங்கள் 'நான்தான்' என்று சொல்ல எடுத்துக்கொண்ட அந்த நேரத்துக்குள் கிடைத்தவை.