வெளிப்பெட்டியில் காய்ந்த கருவாடு

செப்ரெம்பர் 9, வெள்ளி

ஏசி திருத்துபவர் இன்றுதான் உப்புக்குளத்திலிருந்து வந்தார். வெளிப்பெட்டியைக் கழற்றிப் பார்த்துவிட்டு, "இது இனிச் சரிவராது அக்கா, புதுசுதான் போடவேணும்" என்றார். புது ஏசி மட்டும் போதாதாம். இடம்பெயர்ந்தோர் முகாமிலிருந்து திரும்பியபோது கிடைத்த வீட்டுத்திட்ட வீடு இது; வயர் மெல்லிசு, அதையும் மாற்ற வேண்டும். கூரைத் தகட்டுக்குக் கீழே சீலிங் அடிக்காவிட்டால் இன்னும் பெரிய ஏசி வேண்டுமாம். அவர் சொல்லச் சொல்லச் செலவு ஏறியது. இந்த ஏசியே படுக்கையில் கிடக்கும் மாமாவுக்காக அவரின் மூத்த மகன் கனடாவிலிருந்து அனுப்பிய காசில் பூட்டியது. அவரிடம் திரும்ப எப்படிக் கேட்பது?

"கடற்காத்து எண்டாலும் தகடு இவ்வளவு கெதியாத் துருப்பிடிச்சு உக்காதே. இதில கருவாடு காயப்போட்டனீங்களோ?" என்று திருத்துபவர் கேட்டார்.

மாமி இல்லையென்றார். திருத்துபவர் பெட்டிக்குள்ளிருந்து மீன்செதில் ஒன்றை எடுத்துக் காட்டினார்.

இப்போது மாமி மாமாவின் தலைமாட்டில் இருந்து விசிறுகிறார். கை ஓய்ந்தால் மாமா முனகுகிறார். விசிறியை வாங்கப் போனேன், தரவில்லை.

"மாரி மழையில வெயில் இல்லை; பெட்டியின்ர சூட்டுக்காத்துக்குக் கருவாடு கெதியாக் காயும், பிள்ளை" என்றார். "அதை வித்துத்தான் இந்த ஏசிக்குக் கரண்ட் பில் கட்டினனான்."